ஒரு நாள் மலையேற்றத்தின் முன்னேற்பாடுகள்: பெத்ரார்க்காவின் வாந்தூ மடலும் பெயரற்ற மேய்ப்பனும்

ஆய்வுச்சுருக்கம்

இத்தாலியக் கவிஞர் பிரான்செஸ்கோ பெத்ரார்க்கா 1336 ஏப்ரல் 26 அன்று தென்பிரான்சின் வாந்தூ மலைமீது ஏறியதாக எழுதிய மடல், ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் அதன் உச்சிக் காட்சிக்காகவே படிக்கப்பட்டுள்ளது. பயண முன்னேற்பாடுகளைக் கூறும் அதன் முற்பகுதியை இக்கட்டுரை சான்றாக எடுத்துக்கொள்கிறது. துணை தேர்தல், நாள் குறித்தல், அடிவாரத்தில் தங்கல், வழி கேட்டல், சுமை இறக்கல் ஆகிய செய்திகளுள் எவை நூலிலிருந்து வந்தவை, எவை மலையிலிருந்து வந்தவை எனப் பிரித்தறிய முயல்கிறது. ‘முதல் மலையேறி’ என்னும் பட்டம் பெத்ரார்க்காவுக்கு வழங்கப்பட்டதில் மடலுக்குள்ளேயே இருக்கும் ஒரு மேய்ப்பனின் சாட்சியம் எவ்வாறு கையாளப்பட்டது என்பதே இதன் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: பெத்ரார்க்கா, வாந்தூ மலை, லிவி, மலையேற்ற வரலாறு, மறுமலர்ச்சி, மேய்ப்பர், மடல் இலக்கியம்.

முன்னுரை

தென்பிரான்சின் புரோவான்சு நிலப்பகுதியில், ரோன் ஆற்றுச் சமவெளிக்குக் கிழக்கே, அண்டை மலைகள் எவற்றோடும் ஒட்டாதது போலத் தனித்து எழுந்து நிற்பது வாந்தூ மலை. அதன் உயரம் ஏறக்குறைய 1,910 மீட்டர். ஆல்ப்சு மலைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய உயரமன்று. ஆயினும் சமவெளியின் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் கண்ணிற்படுவதும், உச்சி மரமின்றி வெண்சுண்ணக் கற்குவியலாகத் தோன்றுவதும், வடக்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் காற்று அதன் முகட்டில் கடுமை கொள்வதும் அதற்குத் தனிப்புகழ் தந்தன. உச்சி வரை தார்ச்சாலை செல்லும் இக்காலத்தில் வசந்தமும் கோடையும் மிதிவண்டி ஓட்டுவோரும் நடப்போருமாகக் கூட்டம் மிகுந்திருக்கும். 1951 முதல் பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயம் இம்மலையைப் பலமுறை தன் பாதையில் சேர்த்துள்ளது.

இம்மலைக்கு வரலாற்று நூல்களில் இடம் பெற்றுத் தந்தது பந்தயம் அன்று, ஒரு மடல். பெத்ரார்க்காவின் ‘நெருங்கியோர்க்கு மடல்கள்’ என்னும் இலத்தீன் தொகுப்பில் நான்காம் நூலின் முதல் மடலாக அது அமைந்துள்ளது. அகஸ்தீனியத் துறவியும் இறையியலாளருமான தியோனிஜிக்கு அது எழுதப்பட்டது. சுவிட்சர்லாந்து வரலாற்றறிஞர் யாக்கோப் புர்க்ஹார்ட் 1860இல் வெளியிட்ட மறுமலர்ச்சி பற்றிய நூலில் இம்மடலை எடுத்துக்காட்டி, இயற்கைக் காட்சியின் பொருட்டே மலையேறிய பெத்ரார்க்காவை முழுமையான நவீன மனிதருள் முதல்வரிசையில் வைத்தார். அது முதல் இம்மடல் ஒரு காலத்தின் வாயிலாகக் கருதப்பட்டு வந்தது. உச்சியில் நின்று அவர் என்ன கண்டார், அகஸ்தீனின் ‘ஒப்புதல்கள்’ நூலைத் திறந்து எதைப் படித்தார், அதன்பின் ஏன் வாய் திறவாமல் இறங்கினார் என்பவையே ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தன.

மடலின் ஏறக்குறைய முற்பாதி வேறொன்றைப் பேசுகிறது. ஒரு நாள் மலையேற்றத்தை ஒருவர் எவ்வாறு திட்டமிட்டார் என்பதே அதன் பொருள். ஏறும் எண்ணம் எவ்வாறு தோன்றியது, உடன் யாரை அழைப்பது, எங்குத் தங்குவது, எந்நேரத்தில் புறப்படுவது, யாரிடம் வழி கேட்பது, எதை விட்டுச்செல்வது என்று வரிசையாகச் செய்திகள் வருகின்றன. உச்சிக் காட்சியின் ஒளியில் இவை மங்கிப்போயின. அம்மங்கலில் நாம் இழந்தவை சில உள.

மடலின் காலமும் ஐயமும்

முன்னேற்பாடுகளைச் சான்றாகக் கொள்ளுமுன் மடலின் நம்பகத்தன்மையை நோக்க வேண்டும். மடல் தன்னைப் பற்றித் தானே ஒரு கூற்றை வைக்கிறது: மலையிலிருந்து இறங்கிய அன்றிரவே, ஏவலர் உணவு சமைக்கும் இடைவெளியில், மனநிலை மாறுமுன் விரைந்து எழுதப்பட்டது என்பது அக்கூற்று. விடியுமுன் தொடங்கி நள்ளிரவு வரை நடந்த ஒருவர், உணவுக்குக் காத்திருக்கும் பொழுதில், செம்மொழி நூல்களை நுட்பமாக ஊடாடவிட்ட இவ்வளவு நீண்ட உரைநடையை எழுதினார் என்பதை ஏற்பது கடினம்.

ஜுசெப்பே பில்லனோவிச் 1966இல் வெளியிட்ட ஆய்வில், இம்மடல் நமக்குக் கிடைக்கும் வடிவில் 1353 அளவில் இயற்றப்பட்டது என்று வாதிட்டார். அவ்வாறாயின் மடலைப் பெற வேண்டிய தியோனிஜி இறந்து (1342) பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மடலில் நேர்வழியே ஏறும் தம்பி கெரார்தோ 1343இல் கார்த்தூசியத் துறவியாகிவிட்டார். எளிய வழி தேடிப் பள்ளங்களில் சுற்றி அலைந்த அண்ணனும், செங்குத்தான முகட்டுவழியே உச்சியை முதலில் அடைந்த தம்பியும் உலகவாழ்வுக்கும் துறவுக்கும் குறியீடாக அமைவது, தம்பியின் துறவை அறிந்த பின் எழுதிய கையால்தான் இயலும் என்பது இவ்வாதத்தின் வலுவான கண்ணி.

இவ்வாதத்தைப் பெரும்பான்மை ஆய்வாளர் ஏதேனும் ஓர் அளவில் ஏற்கின்றனர். சிலர் மேலும் சென்று, ஏற்றமே நடக்கவில்லை என்பர். ஏறிய நாளும் எழுதிய நாளும் வேறு என்பது ஒன்று. ஏறவே இல்லை என்பது மற்றொன்று. முன்னதை ஏற்பதால் பின்னதை ஏற்றாக வேண்டும் என்பதில்லை.

துணை தேர்தல்

மலையேற முடிவுசெய்ததும் பெத்ரார்க்கா முதலில் சிந்திப்பது துணையைப் பற்றி. நண்பர்களை ஒவ்வொருவராக மனத்தில் நிறுத்தி எடைபோடுகிறார். ஒருவர் மிகுந்த சோம்பல், மற்றவர் மிகுந்த விரைவு. ஒருவர் எப்போதும் வாட்டம், மற்றவர் எப்போதும் களிப்பு. ஒருவரின் அறிவின்மை அச்சுறுத்துகிறது; மற்றவரின் அளவுகடந்த முன்னெச்சரிக்கை தயங்கவைக்கிறது. பேசாதவரும் ஆகார், ஓயாது பேசுபவரும் ஆகார். பருத்தவரும் மெலிந்தவரும் தத்தம் உடலால் விலக்கப்படுகின்றனர். ஆர்வமற்றவரும் ஆர்வம் மிக்கவரும் அவ்வாறே. வீட்டில் பொறுத்துக்கொள்ளத்தக்க இக்குறைகள் வழிப்பயணத்தில் பெருஞ்சுமையாகிவிடும் என்பது அவர் கூறும் காரணம். இறுதியில் வெளியே தேடுவதை விட்டு, வீட்டிலேயே இருந்த தம்பியை அழைக்கிறார். தம்பியும் மகிழ்ந்து இசைகிறார்.

மலைக்குச் செல்லக் குழு சேர்த்த எவரும் இப்பட்டியலைப் புன்முறுவலின்றிப் படிக்க இயலாது. சொல்லணியும் இதில் உண்டு. எதிர்மறைகளை இணையிணையாக அடுக்குவது இலத்தீன் உரைநடையின் பழகிய உத்தி. ஆனால் அடுக்கின் உள்ளீடு பட்டறிவிலிருந்து வருகிறது. ஒரு நாள் நடையில் குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே என்பதும், இயல்பு ஒவ்வாத துணை களைப்பினும் கொடிது என்பதும் நூல்களில் கற்பவை அல்ல. பெத்ரார்க்கா 1333இல் பாரிசு, ஃபிளாண்டர்சு, ரைன் ஆற்றங்கரை எனத் தொலைவழி சென்று திரும்பியவர். வழித்துணையின் அருமை அவர் அறியாததன்று.

லிவியின் பக்கம்

ஏறும் உந்துதல் எங்கிருந்து வந்தது என்பதை மடலே சொல்கிறது. மாசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப் ஹேமுஸ் மலைமீது ஏறிய செய்தியை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நூலில் மீண்டும் படித்ததே அது. அம்மலையின் உச்சியிலிருந்து இரு கடல்களைக் காணலாம் என்பது அக்கால நம்பிக்கை. பொம்போனியுஸ் மேலா அதனை ஏற்கிறார். லிவி பொய் என்கிறார். ஹேமுஸ் தம் அருகில் இருந்திருப்பின் இவ்வையத்தைத் தாமே சென்று தீர்த்திருப்பேன் என்கிறார் பெத்ரார்க்கா. முதிய அரசனிடம் குறையாகக் கருதப்படாத செயல், பொதுப்பொறுப்பு ஏதுமற்ற இளைஞனிடம் மன்னிக்கப்படலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

லிவியின் நாற்பதாம் நூலில் வரும் அப்பகுதியை மடலின் அருகில் வைத்துப் படித்தால் இவ்வொற்றுமை மேலும் ஆழமாகச் செல்வது புலப்படும். கி.மு. 181இல் நடந்ததாக லிவி கூறும் அப்பயணத்தில், பிலிப் மலையடிவாரத்தை அடைந்து அங்கு ஒரு நாள் தங்குகிறான். உடன் அழைத்துச்செல்வோரைத் தேர்ந்தெடுக்கவே அத்தங்கல். மூன்றாம் நாள் ஏறத் தொடங்குகிறான். பெத்ரார்க்காவும் குறித்த நாளில் வீட்டிலிருந்து புறப்பட்டு மாலையில் மலையின் வடபுற அடிவாரத்திலுள்ள மலோசேன் என்னும் ஊரை அடைகிறார். அங்கு ஒரு நாள் தங்குகிறார். அடுத்த நாள் ஏறுகிறார். துணை தேர்தலும் இரண்டிலும் உண்டு. பிலிப்பின் பயணத்தில் அவனுடைய இரு புதல்வர்க்கிடையே நிலவிய பகை பின்புலமாக நிற்கிறது. மூத்தவன் பெர்சியூஸ் தந்தையோடு இருக்கிறான்; இளையவன் திமித்ரியுஸ் திருப்பி அனுப்பப்பட்டுப் பின்னர்க் கொல்லப்படுகிறான். வாந்தூவில் இளைய உடன்பிறப்பே விரும்பி அழைக்கப்படுகிறார். முன்மாதிரியை ஏற்றும் அதனைத் திருப்பியும் எழுதும் கைவண்ணம் இது.

பெத்ரார்க்கா லிவியை மேலோட்டமாகப் படித்தவர் அல்லர். தம் இருபதுகளிலேயே அவிஞ்ஞோனில் லிவியின் சிதறிய பகுதிகளை ஒருங்கு சேர்த்துத் திருத்தியவர். அக்கைப்பிரதி இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. எனவே மலோசேனில் தங்கிய ஒரு நாளை, களைப்பு நீக்க எடுத்த ஓய்வு என்றோ வானிலைக்காகக் காத்திருந்தது என்றோ உடனே கொண்டுவிட முடியாது. அது நூலிலிருந்து வந்த நாளாகவும் இருக்கலாம்.

இன்னொரு முடிச்சும் உண்டு. லிவியை ‘முந்தைய நாள்’ படித்ததாக மடல் கூறுகிறது. படித்து, நண்பர்களை எடைபோட்டு, தம்பியை இசைவித்து, நாள் குறித்து, மலோசேனுக்கு நடந்து, ஒரு நாள் தங்கி, பின் ஏறியவருக்கு அப்படிப்பு முந்தைய நாள் நிகழ்ந்திருக்க முடியாது. உந்துதல் பிறந்த நாளுக்கு முந்தைய நாள் என்று சொல்லைத் தளர்த்திக்கொண்டால் முரண் நீங்கும். ஆயினும் படித்ததற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள நாள்களை மடல் சுருக்கிக் காட்ட விரும்புகிறது என்பது தெளிவு. திட்டமிட்ட பயணம் திடீரெனப் பொங்கிய ஆர்வம் போலத் தோன்ற வேண்டும். அதே வேளையில் திட்டத்தின் நுணுக்கமும் இழக்கப்படக் கூடாது.

நாள், பகல், நிலவு

நூலிலிருந்து வராத செய்திகளும் மடலில் உள்ளன. நீண்ட பகல், இதமான காற்று, மன ஊக்கம், உடலின் வலிமையும் லாவகமும் ஆகியவை துணைநின்றன. நிலத்தின் இயல்பு மட்டுமே எதிர்நின்றது என்று அவர் எழுதுகிறார். இது நல்ல திட்டமிடலின் சுருக்கமான கணக்கு. அதனைச் சரிபார்க்கவும் இயலும்.

அன்று வழங்கிய யூலியன் நாட்காட்டியின் ஏப்ரல் 26, இன்றைய நாட்காட்டியில் மே 4 ஆகும். இளவேனில் முதிர்ந்து கோடை நெருங்கும் பொழுது. மலையின் அகலாங்கில், வடக்கு 44 பாகையில், அந்நாளின் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம் நீளும். மலோசேனிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டிய உயரம் 1,500 மீட்டருக்குச் சற்று மேல். இன்றைய சாலை வழியில் தொலைவு 21 கி.மீ. உடல்வலிவுள்ளவர் விடியுமுன் புறப்பட்டால் பிற்பகலில் உச்சியில் நின்று, கதிர் சாயும்போது இறங்கத் தொடங்கலாம். மடல் கூறும் கால ஒழுங்கும் இதுவே: விடியுமுன் புறப்பாடு, மலையின் நிழல் நீளும்போது திரும்பும் நினைவு, நள்ளிரவில் தங்குமிடம்.

இறக்கத்தின்போது இரவு முழுதும் நிலவு துணைநின்றதாகவும் மடல் குறிப்பிடுகிறது. 1336இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 31 ஞாயிறன்று வந்தது. திருச்சபை அட்டவணைப்படி அதற்கு அடிப்படையான முழுநிலவு மார்ச் 30. 14ஆம் நூற்றாண்டில் அவ்வட்டவணை வானத்து நிலவுக்கு ஏறக்குறைய மூன்று நாள் பின்தங்கி நின்றது. ஆகவே உண்மையான முழுநிலவு மார்ச் 27ஐ ஒட்டியும், அடுத்தது இருபத்தொன்பதரை நாள் கழித்து ஏப்ரல் 25, 26ஐ ஒட்டியும் அமையும். இன்றைய வானியலின் சராசரிக் கணக்கைக் கொண்டு பின்னோக்கி எண்ணினாலும் இதே முடிவே கிடைக்கிறது. வாந்தூவிலிருந்து இறங்கிய இரவு, மடல் சொன்னவாறே, நிலவு விடியும்வரை காய்ந்த இரவு.

இதனை ஏற்றம் நடந்தமைக்கு முடிந்த முடிபாகக் கொள்ளலாமா? கொள்ள இயலாது. 1353இல் எழுதிய ஒருவரும் அட்டவணையைப் பார்த்து, 1336 ஏப்ரல் இறுதியில் நிலவு நிறைந்திருந்தது என அறிந்திருக்கலாம். மேலும் ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. பொலோஞ்ஞாவில் கல்வி முடித்துப் பிரிந்து பத்தாண்டு நிறைந்த நாள் என்றும் மடல் சொல்கிறது. நாள் தேர்வில் குறியீட்டு நோக்கு இருந்திருக்க வாய்ப்புண்டு. எனினும் குறியீட்டுக்காகத் தேர்ந்த நாள் நிலவுக்கும் பகலுக்கும் வானிலைக்கும் ஒருசேரப் பொருந்துவதைவிட, நடையின் தேவைக்காகத் தேர்ந்த நாள் பின்னர்க் குறியீடாக்கப்பட்டது என்பதே இயல்பாகத் தோன்றுகிறது. அவர் ஏறினார் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு மௌனம் இக்கருத்தை உறுத்துகிறது. வடசரிவின் மேற்பகுதியில் ஏப்ரல் இறுதியிலும் பனி எஞ்சிநிற்பது உண்டு. தொலைவில் ஆல்ப்சின் பனியைக் குறிக்கும் மடல், காலடியில் பனி இருந்ததாக ஒரு சொல்லும் கூறவில்லை. வெப்பம் முந்திய ஆண்டாக இருந்திருக்கலாம். அவர்கள் சென்ற வழி பனி உருகிய முகட்டுவழியாக இருந்திருக்கலாம். வழியில் உண்டது பற்றியும் நீர் பற்றியும்கூட மடலில் செய்தி இல்லை. உணவு, கதையின் முடிவில், ஏவலர் சமைப்பதாக மட்டுமே வருகிறது.

மேய்ப்பனின் சாட்சியம்

மலையின் மடிப்புகளுள் ஒன்றில் அவர்கள் முதிய மேய்ப்பன் ஒருவனைச் சந்திக்கின்றனர். ஏற வேண்டாம் என அவன் பலவாறு தடுக்கிறான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே இளமை வேகத்தால் உந்தப்பட்டுத் தானும் உச்சிவரை ஏறியதாகவும், வருத்தமும் களைப்பும், பாறையிலும் முள்ளிலும் கிழிந்த உடலும் உடையும் அன்றி வேறெதுவும் கொண்டுவரவில்லை என்றும் சொல்கிறான். அதற்கு முன்னோ பின்னோ வேறு எவரும் துணிந்ததாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றும் கூறுகிறான். தடுக்கத் தடுக்க இளைஞர்களின் ஆவல் பெருகுகிறது. தன் முயற்சி வீண் என உணர்ந்த மேய்ப்பன் சிறிது தூரம் உடன்வந்து, பாறைகளிடையே செல்லும் செங்குத்தான தடம் ஒன்றை விரலால் சுட்டிக்காட்டுகிறான். தடையாக இருக்கும் மேலாடைகளையும் பிற பொருள்களையும் அவனிடம் விட்டுவிட்டு அவர்கள் ஏறுகின்றனர். பின்னாலிருந்து அவன் எச்சரித்துக் கூவுவது கேட்கிறது.

பெத்ரார்க்காவின் ஏற்றத்தைப் புதுமையெனக் காட்டுவோர் சான்றாகக் கொள்வது இம்மேய்ப்பனின் கூற்றின் பிற்பாதியை: வேறு எவரும் ஏறியதில்லை. முற்பாதி விடுபட்டுவிடுகிறது: நான் ஏறினேன். ஒரே வாயிலிருந்து வந்த சாட்சியத்தில் ஒரு பாதியை ஏற்று மறுபாதியைக் கண்டுகொள்ளாதிருப்பது முறையாகாது. மேய்ப்பன் ஏறியது 1286 அளவில். எதற்காக ஏறினான்? தொலைந்த ஆட்டைத் தேடி அன்று, மேய்ச்சல் நிலம் நாடி அன்று. மடலின் சொற்படியே, இளைஞர்களிடம் இப்போது காணப்படும் அதே வேகத்தால். பயன் ஏதும் கருதாது மலையின் பொருட்டே மலையேறுதல் நவீன மனத்தின் அடையாளமெனில், அவ்வடையாளம் அரைநூற்றாண்டுக்கு முன்பே எழுத்தறியாத ஓர் இடையனிடம் இருந்தது என்று மடலே சொல்கிறது.

மேய்ப்பன் கற்பனைப் பாத்திரம் என்று மறுக்கலாம். அறிவுரை கூறித் தடுக்கும் முதியவன் இலக்கிய மரபில் அறிமுகமானவனே. அப்படியே கொண்டாலும் வாதம் குலைவதில்லை. தம் ஆர்வத்தை ஒத்த ஆர்வத்தை ஓர் ஆட்டிடையனுக்கு வழங்குவதில் பெத்ரார்க்கா முரண் எதையும் காணவில்லை. படிப்போரும் நம்புவர் என்றே எழுதினார். அதனை நம்பத் தயங்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்களே.

மேலும் இரு குறிப்புகள் மடலில் உள்ளன. உச்சிக்குக் காட்டுவாழ் மக்கள் ‘ஃபிலியோலுஸ்’, அதாவது ‘சின்ன மகன்’, எனப் பெயரிட்டிருந்தனர் என்கிறார் பெத்ரார்க்கா. சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் தந்தை போல நிற்பதற்கு இப்பெயர் ஏன் என்று வியந்து, எதிர்மறைப் பெயராக இருக்கலாம் எனத் தம் இலக்கணப் புலமையால் விடை காண்கிறார். கேட்டிருக்க வேண்டியவர்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு முகட்டைக் கீழிருந்து நோக்கியும் பெயரிடலாம் என்பது உண்மையே; பெயர் இருந்ததாலேயே ஏறினர் என்று முடிவுகட்ட இயலாது. ஆனால் பெயரோடு தடத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். மேய்ப்பன் சுட்டியது பாறைகளிடையே செல்லும் ஒரு தடம். தடம் என்பது பல கால்கள் பலமுறை நடந்ததன் பதிவு. அது உச்சிவரை சென்றதா என்பதை மடல் சொல்லவில்லை. மலையின் மேற்பகுதி ஆளரவமற்றதன்று என்பதற்கு அது போதும்.

எழுத்தறிந்தோரிடையேகூடப் பெத்ரார்க்கா முதல்வர் அல்லர். பாரிசுத் தத்துவப் பேராசிரியர் ழான் புரிதான், அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இம்மலைமீது ஏறி வானிலையை நோக்கினார் எனக் கருதப்படுகிறது. அராகன் மன்னன் மூன்றாம் பேத்ரோ 13ஆம் நூற்றாண்டிலேயே பிரனீசு மலைத்தொடரின் கனிகூ முகட்டில் ஏறியதாகச் சலிம்பேனே என்னும் துறவியின் வரலாற்றேடு கூறுகிறது. இடைக்காலம் என்றும் மறுமலர்ச்சி என்றும் வகுக்கும் கூர்மையான கோட்டை லின் தார்ண்டைக் போன்றோர் 1943இலேயே கடுமையாக மறுத்தனர். ஆயினும் புர்க்ஹார்டுக்கு மறுப்பாக முன்வைக்கப்படுவோர் பெரும்பாலும் அரசரும் அறிஞருமே. மடலுக்குள் நிற்கும் மேய்ப்பனை எதிர்ச்சான்றாக எடுத்து நிறுத்துவோர் குறைவு. ஒருவரின் முதன்மையை மறுக்கவும் எழுதி வைத்த மற்றொருவரே தேவைப்படுகிறார்.

ஏவலர் இருவர்

மேய்ப்பனுக்கேனும் மடலில் குரல் உண்டு. உடன் ஏறிய ஏவலர் இருவருக்கு அதுவும் இல்லை. அண்ணனுக்கு ஒருவர், தம்பிக்கு ஒருவர் என அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் வருகின்றனர். துணை தேர்ந்தெடுக்க அத்தனை நண்பர்களை எடைபோட்ட பெத்ரார்க்கா, ஏவலரை எவ்வாறு தேர்ந்தார் என்று ஒரு சொல்லும் கூறவில்லை. அவர்கள் துணை என்னும் கணக்கிலேயே வரவில்லை. ஆனால் அவர்களும் விடியுமுன் எழுந்தனர்; அதே பாறைகளில் ஏறினர்; மேகம் காலடியில் மிதப்பதையும் இடப்புறம் மார்செய்க் கடலையும் கண்முன் ரோன் ஆற்றையும் அவர்களும் கண்டிருப்பர். நள்ளிரவில் திரும்பியபின், ஆசிரியர் தனியிடம் சென்று எழுத அமர்ந்த பொழுதில், அடுப்பு மூட்டியவர்களும் அவர்களே. மடல் எழுதுவதற்கான ஓய்வு அவர்களுடைய ஓய்வின்மையால் கிடைத்தது. அன்றிரவு எழுதியதாகச் சொல்வது புனைவே ஆயினும், அப்புனைவு யாருடைய உழைப்பைப் பின்புலமாகக் கொண்டது என்பது மாறுவதில்லை.

1865: மற்றொரு முன்னேற்பாடு

15ஆம் நூற்றாண்டில் வாந்தூ உச்சியில் திருச்சிலுவைச் சிற்றாலயம் எழுந்தது, அடியார்கள் ஏறினர். கப்பற்கட்டுமானம் முதலிய தேவைகளால் மலையின் காடு பிற்காலத்தில் அழிந்து, 1860கள் முதல் மீண்டும் மரம் நடப்பட்டது. 1882இல் உச்சியில் வானிலை நோக்கு நிலையம் ஒன்றின் கட்டுமானம் தொடங்கியது. இவற்றுக்கிடையே பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்ரி ஃபாப்ர் 1865 ஆகஸ்டில் தம் நண்பர்களோடு ஏறியதை, 1879இல் வெளிவந்த தம் பூச்சியியல் நினைவுகளின் முதல் தொகுதியில் ஓர் இயலாக எழுதினார்.

பெத்ரார்க்கா சொல்லாது விட்டதையெல்லாம் ஃபாப்ர் சொல்கிறார். தென்புற அடிவாரத்தில் பெத்வான் ஊரிலிருந்து வழிகாட்டியோடும் கோவேறு கழுதைகளோடும் விடியுமுன் புறப்பாடு. ஆட்டிறைச்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ் என உணவு மூட்டைகளின் விரிவான வருணனை. எந்த ஊற்றருகில் உண்பது என்ற முடிவு. வழிகாட்டியும் ஓர் ஆளாக வருகிறார். அவ்வளவு ஏற்பாட்டையும் மலை ஒரு பிற்பகலில் கலைத்துவிட்டது. உச்சிக்கருகே அடர்ந்த முகிலும் மழையும் சூழ்ந்து, திசை தெரியாமல் போயிற்று. உடலின் எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என ஒருவரையொருவர் கேட்டு, காற்றுவந்த திசையை உய்த்தறிந்து, அதைக்கொண்டு இறங்கும் பக்கத்தை முடிவு செய்தனர்.

இருள் கவிந்தபின் அவர்கள் தேடியது ‘ழா’ எனப்படும் கற்குடிலை. மேய்ப்பர் தமக்கும் ஆடுகளுக்கும் எழுப்பிய புகலிடங்களுக்குப் புரோவான்சில் வழங்கும் பெயர் அது. கண்ணுக்கு எதுவும் புலப்படாத நிலையில் ஃபாப்ர் தரையைக் கையால் துழாவிச் செடிகளைத் தேடினார். ஆட்டெருவால் வளமேறிய மண்ணில், மனிதரும் மந்தையும் நெடுங்காலம் தங்கிய இடங்களைச் சுற்றி வளர்பவை செந்தட்டியும் காட்டுக்கீரை ஒன்றும். அவ்வுயரத்து வெற்றுக் கற்சரிவில் வேறெங்கும் அவை தழைக்க வாய்ப்பில்லை. விரலில் செந்தட்டி சுட்ட இடத்திலிருந்து சில அடிகளில் குடிலின் சுவர் கிடைத்தது.